நாலுக்கும் ஒரே பிடி

ஒரே வாரத்தில் மஞ்சக்கரட்டில் இருநூற்றுப் பதினாலு ஆடுகள் மாதம் நிறையாமலே குட்டி வீசின.

முதல் இரண்டு நாள் செத்த குட்டிகளைக் கோணிப்பையில் கட்டிக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து அந்தச் சிரமமும் எடுக்கவில்லை. ஊருக்கு மேற்கே ஓடைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார்கள். மயிர் முளைக்காத, கண் திறக்காத, சிவந்த குட்டிகள். பள்ளத்துக்கு மேலே பருந்துகள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன.

"ரத்தம் எடுத்து அனுப்பினீங்களே, என்னாச்சுங்க டாக்டரம்மா?" என்று கேட்டார் சென்னியப்பன். ஊரில் பாதி மக்காச்சோளக் காடு அவருடையது. பேச்சில் மரியாதை குறையாது. ஆனால் அவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

"கன்னுவீச்சு நோய் இல்லைன்னு வந்திருக்குங்க. வேற தெரிஞ்ச எந்தக் கிருமியும் இல்லை."

"கிருமி இல்லாம எப்படீங்க வீசும்?"

கால்நடை மருத்துவர் தாட்சாயணி ஆய்வு முடிவுத் தாளை மறுபடி புரட்டினாள். நாற்பத்தொரு வயதில், பதினேழு வருட வேலையில், அவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சத்தியமங்கலத்திலிருந்து மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் சாலையில் கடைசி அரசுக் கட்டடம் அவளுடைய மருந்தகம். அதற்கப்பால் சோளக்காடு. அதற்கும் அப்பால் நிஜக் காடு.

அந்தக் காட்டிலிருந்துதான் அன்று மத்தியானம் ஜடையன் வந்தான். தொட்டி என்கிற காட்டோரக் குடியிருப்பில் இருக்கும் மலைக்காரன். தடம் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஐந்து மாதம் முன்பு, சோளக்காட்டை அழிக்கும் காட்டுப்பன்றிகளை மலடாக்க அரசாங்கம் மருந்துருண்டை வைத்தபோது பெட்டிகளைத் தலையில் சுமந்து, பன்றி நடமாடும் இடமெல்லாம் அவளைக் கூட்டிப் போனவன் அவன்தான்.

"டாக்டரம்மா, ஒரு எட்டு வந்து பாரு. பன்னிக்கு என்னமோ ஆயிருச்சு."

போனாள். மொட்டைப் பாறையின்மேல், சுள்ளென்ற வெயிலில், பதினைந்து இருபது காட்டுப்பன்றிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. முதுகு மயிர் உதிர்ந்து தோல் தடித்திருந்தது. அந்த வெயிலிலும் நடுங்கின. ஜடையன் நேரே நடந்துபோய் ஒரு கிழட்டு ஆண் பன்றியைக் காலால் எத்தினான். ஒரு மாதம் முன்பென்றால் அவன் குடலைக் கோரைப்பல்லில் மாட்டியிருக்கும். அது தலையை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பார்த்தது. திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டது.

செத்துக் கிடந்த ஒன்றை அங்கேயே அறுத்துப் பார்த்தாள். கருப்பைக்கு இருபுறமும் இருக்க வேண்டிய முட்டைப்பைகள் சுண்டைக்காயளவு சுருங்கியிருந்தன. அதற்காகத்தான் உருண்டையே வைத்தது, அதில் ஆச்சரியமில்லை. பிறகு கழுத்தைத் திறந்தாள். தைராய்டு சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த தோல் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே உருண்டையைத் தயாரித்த ஆய்வகத்துக்குப் போன் போட்டாள். அதன் தலைமை விஞ்ஞானி இளவழுதி, கல்லூரியில் அவளுக்கு மூன்று வருடம் மூத்தவர்.

"சார், பன்னியோட சினை ஹார்மோனை மட்டும் முடக்கும்னு சொன்னீங்க. தைராய்டு ஏன் செத்துக் கெடக்கு?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். கதவைச் சாத்தும் சத்தம்.

"தாட்சா, உனக்குத் தெரியும். அந்த ஹார்மோன் எல்லாமே ரெண்டு துண்டு சேர்ந்தது. பீட்டா துண்டு ஒவ்வொண்ணுக்கும் வேற. முதல்ல பன்னியோட பீட்டாவைத்தான் உருண்டைக்குள்ள இருக்கற தொத்து வைரஸ்ல வச்சோம். பன்னி உடம்பு அதை எதிர்க்கவே இல்லை. எதிர்ப்பே வரலைன்னா எப்படி மலடாகும்? மேலேயிருந்து அவசரம். ஆல்ஃபா துண்டை வச்சுப் பார்த்தோம், பிரமாதமா வேலை செஞ்சுது."

"ஆல்ஃபா எல்லாத்துக்கும் பொது சார்! முட்டையை விளைய வைக்கிறது, விந்தை விளைய வைக்கிறது, தைராய்டைத் தட்டி எழுப்புறது, எல்லாத்துலயும் அதே துண்டுதான் இருக்கு. உடம்பு அதை எதிரின்னு நெனச்சா மொத்தமும் போச்சு."

"பன்னிக்குத்தானே."

"ஆட்டுக்கும் பரவியாச்சு. இங்க இருநூறு ஆடு குட்டி வீசிருச்சு. பன்னியோட ஆல்ஃபாவும் மனுஷனோட ஆல்ஃபாவும் எவ்வளவு சார் வித்தியாசம்?"

"இதையெல்லாம் எழுத்துல கொண்டுவராதே. வேலை போகும். உன்னோடது மட்டும் இல்லை" என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் ஜடையன் கேட்டான். அவனிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"உன் வீட்டுல அருவா, கோடாலி, கொத்து, மம்பட்டி நாலும் இருக்கு. ஆனா மரப்பிடி ஒண்ணுதான். எது வேணுமோ அதுல மாட்டி வேலை செய்வ. நாங்க பன்னியோட அருவாளை மட்டும் ஒடைக்கணும்னு நெனச்சோம். பிடியை ஒடைச்சிட்டோம்."

"பன்னி வீட்டுப் பிடியைத்தானே?"

"எல்லார் வீட்டுப் பிடியும் ஒரே மரத்துல செஞ்சது, ஜடையா."

அவன் தன் கைகளைப் பார்த்தான். "அந்தப் பெட்டியை நான்தானே சொமந்தேன்" என்றான்.

துறைக்கு மூன்று கடிதம் எழுதினாள். முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு, பகுதியில் அயோடின் குறைபாடு இருக்கலாம், உப்பு விநியோகம் செய்யப்படும் என்று ஒரு வரி வந்தது. அயோடின் குறைந்தால் கழுத்து வீங்கும். இங்கே ஆட்டுக்கோ ஆளுக்கோ கழுத்து வீங்கவில்லை. அதைச் சுட்டி நான்காவது கடிதம் எழுதினாள். கடிதம் கிடைக்கவேயில்லை என்றார்கள்.

இதற்குள் சென்னியப்பனின் மகள் கோகிலா பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு வருடம். கோயில் கோயிலாக ஏறி, கோயம்புத்தூரில் வைத்தியம் பார்த்து, இப்போதுதான் தங்கியிருந்தது. மூன்றாம் மாதம். ஒருநாள் காலையில் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஜீப்பில் போட்டுச் சத்தியமங்கலத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே இருக்கையெல்லாம் நனைந்து, மிதியடிப் பள்ளத்தில் ரத்தம் தேங்கி, ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது வெளியே கொட்டியதாம். குழந்தையும் போய் அவளும் போனாள். அந்த மாதத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கலைந்த கர்ப்பங்கள் பதினெட்டு. செத்தது அவள் ஒருத்தி.

சாவு வீட்டில் தாட்சாயணி பெண்களோடு ஓரமாக நின்றாள். ஆண்கள் பக்கம் பேச்சு தடித்துக்கொண்டிருந்தது.

"தொட்டிக்காரனுக செத்த பன்னியெல்லாம் திங்கறானுக. அதுலதான் வந்திருக்கோணும்."

"உருண்டை வச்சது யாரு? அந்த ஜடையன்தானே சொமந்துட்டுப் போனான். உள்ள என்னத்தைக் கலந்தானோ."

"பன்னி போச்சுன்னா அவனுக வேட்டையும் போச்சல்லோ. அந்த வயித்தெரிச்சல்."

இப்போது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்றடி முன்னால் வந்து, வைத்தது நான், அனுப்பியது அரசாங்கம், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் போதும். சென்னியப்பன் சுவரில் சாய்ந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணைப் பார்த்தாள். நாளைக்குச் சொல்லலாம், சூடு கொஞ்சம் ஆறட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு குவாட்டர்ஸுக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேற்கே புகை தெரிந்தது.

ஓடினாள். தொட்டியில் பதினோரு குடிசைகளும் எரிந்துகொண்டிருந்தன. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பாறைக்கு மேலே ஏறிவிட்டார்கள். ஜடையனைக் காணோம். அவனைச் சோளம் காயவைக்கும் களத்துக்கு இழுத்துப் போயிருந்தார்கள்.

நாற்பது பேர் இருக்கும். பாதிப் பேர் அவளிடம் மாட்டுக்கு ஊசி போட வருகிறவர்கள். மம்பட்டிக் காம்பு, சைக்கிள் செயின், பம்புசெட்டு இரும்புக் குழாய். ஜடையன் எழுந்து நின்றான்; முழங்காலில் அடித்தார்கள். மண்டியிட்டான், முதுகில் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் காய்ந்த சோளம் சிதறித் தெறித்தது. அவன் கத்தவில்லை. கையை உயர்த்தி ஏதோ சொல்ல முயன்றான். அந்தக் கையை ஒருவன் பிடித்து முறுக்கினான், குச்சி முறிகிற சத்தம் கேட்டது.

"விடுங்க! உருண்டை வச்சது நான்! நான்தான் வச்சேன்!"

அவள் தொண்டை கிழியக் கத்தினாள். யாரோ அவளைத் தோளைப் பிடித்து அப்பால் தள்ளினார்கள். "நீங்க அக்கட்டால போங்கம்மிணி. அவனைக் காப்பாத்தப் பாக்கறீங்க, தெரியுது. படிச்சவங்க மனசு அப்படித்தான்."

அவளுக்கும் ஜடையனுக்கும் நடுவே பத்தடிதான். அந்தப் பத்தடியை அவளால் கடக்க முடியவில்லை. சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் கடப்பாரை. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. வெயிலில் வேலைசெய்து களைத்த ஆள் மாதிரி இருந்தார். கிணறு தோண்டுகிறவன் ஓங்குவதுபோல் இரண்டு கையாலும் ஓங்கி, ஒரே தடவை இறக்கினார்.

கூட்டம் தானாகக் கலைந்தது. சோளக் குவியலின் ஒரு பக்கம் மட்டும் சிவந்திருந்தது.

ஜடையனின் பெண்டாட்டி மாதி பாறையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் அழவில்லை. புடவைத் தலைப்பைக் கிழித்து அவன் தலையை, கழன்று போனதைத் திரும்பப் பொருத்துகிற மாதிரி, சுற்றிக் கட்டினாள். பிறகு தாட்சாயணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து நீ ஊருக்குள்ள இருந்தியே. அப்ப எங்க போச்சு உன் வாயி?"

எஸ்.ஐ. ஞானசெல்வம் மத்தியானம்தான் வந்தார். அடையாளம் தெரியாத நாற்பது பேர் என்று எழுதிக்கொண்டார். "பேரு சொல்றேன் சார்" என்றாள் தாட்சாயணி. "பேரு எழுதினா இந்த ஊர்ல இன்னும் பத்துப் பொணம் விழும். என்கிட்ட நாலு கான்ஸ்டபிள் இருக்கான். ரெண்டு பேரு பொண்டாட்டிக்குக் கலைஞ்சு போச்சு, லீவுல போயிட்டான். என் வீட்டுலயும் அதே கதைதான்" என்றார். அவர் குரல் கரகரப்பாக, இழுத்து இழுத்து வந்தது. அப்போதே அவள் கவனித்தாள்: அவர் இமைகள் உப்பியிருந்தன. தன் காலையே அன்று காலை செருப்புக்குள் திணிக்க முடியாமல் போனதும், இரண்டு மாதமாக மாதவிலக்கு வராததும் அவளுக்கு நினைவு வந்தன.

மார்கழி பிறந்தது. மஞ்சக்கரடு மெல்ல மெல்ல நின்றுபோனது.

முதலில் சண்டைகள் நின்றன. தண்ணீர்க் குழாயடியில் ஏச்சு இல்லை. டாஸ்மாக் வாசலில் ஆள் இல்லை. பின்னர் வேலை நின்றது. மக்காச்சோளம் முற்றி, காய்ந்து, காட்டிலேயே சாய்ந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாலையோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முகம் ஊதி, புருவம் உதிர்ந்து, நாக்குத் தடித்து. கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துவிடும். குளிர் தாங்காமல் பதிமூன்று பேர் செத்தார்கள். உட்கார்ந்த இடத்தில், சுவரில் சாய்ந்தபடியே. உப்பு மூட்டைகள் லாரியில் வந்து இறங்கின.

இதற்கு மருந்து இருந்தது. சுரப்பியைத் தட்டியெழுப்பும் ஹார்மோன் போனால், சுரப்பி தர வேண்டியதை மாத்திரையாகவே கொடுத்துவிடலாம். கர்ப்பம் தங்காது, அதற்கு உடம்பு தன் எதிர்ப்பை மறக்கும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் உயிர் தங்கும். சுகாதார நிலையத்து இளம் மருத்துவர் பயந்து பயந்து சீட்டு எழுதிக் கொடுத்தார். தாட்சாயணி சத்தியமங்கலம், கோபி, பவானி என்று மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்து சேர்த்தாள். தைராய்டு மாத்திரைக்கு எங்கும் அடிபிடி. அவளுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான்.

அதை முதலில், எரிந்த தொட்டிக்கு மேலே பாறையில் தங்கியிருந்தவர்களுக்குக் கொண்டுபோனாள். யாருக்கு முதலில் என்று அவள் யோசிக்கவே இல்லை.

மாதி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இதுவும் உங்க ஆளுங்க செஞ்சதுதானா?"

"ஆமா."

"நான் தின்னு செத்தா?"

"முதல்ல நான் திங்கறேன்." தின்றாள். மாதியும் வாயில் போட்டுக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் மாதிக்கு முகம் வடிந்தது, குரல் திரும்பியது. தினமும் மருந்தகத்துக்கு நடந்து வந்து தொட்டிக்கான மாத்திரையை வாங்கிப் போனாள். தாட்சாயணிக்கு உதவியாக மாட்டைப் பிடித்துக் கட்டினாள். அவளிடம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வருவதை நிறுத்தவுமில்லை.

அடுத்த பெட்டி கிடைத்தபோது ஊருக்குள் கொடுத்தாள். சென்னியப்பனின் மனைவி வாசலில் வந்து நின்றபோது அவளால் மறுக்க முடியவில்லை. வீட்டுக்கே போனாள். அவர் கயிற்றுக் கட்டிலில் மூன்று கம்பளிக்கு அடியில் கிடந்தார்.

மாத்திரையை அவர் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். உருண்டையில் என்ன இருந்தது, யார் வைத்தது, கோகிலாவின் கரு ஏன் தங்கவில்லை, ஜடையனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. சாவு வீட்டில் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அவர் கண் இமைக்காமல் கேட்டார். கிணற்றுக்குள் போட்ட கல் அடியைத் தொட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

மாசி பிறந்து பத்தாம் நாள் காலை, கல் அடியைத் தொட்டது.

தாட்சாயணி மருந்தகத்துக்குப் பின்னால் கொட்டகையில் ஒரு கிடாரிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். மாதி அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்திருந்தாள். சென்னியப்பன் வேகமாக நடந்து வந்தார். அப்படி ஒருவர் வேகமாக நடப்பதைப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் கையில் அரிவாளைப் பார்த்தாள்.

"எம்புள்ளை வயித்துல இருந்ததை நீதான் கொன்ன. எம்புள்ளையை நீதான் கொன்ன."

"ஆமாங்க" என்றாள் அவள். வேறு என்ன சொல்ல முடியும்?

"உன்னை நம்பிக் காட்டுக்குள்ள விட்டனே! ஒண்ணுந் தெரியாத ஒருத்தனை என் கையால அடிச்சுக் கொல்ல வச்சுட்டியே!"

அரிவாளின் முதுகுப்பக்கம் அவள் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு உடைந்தது அவள் காதுக்கே கேட்டது. கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அவர் அவளைக் கீழே தள்ளி நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்தினார். அழுதுகொண்டே முகத்தில் குத்தினார்; பல்லொன்று பெயர்ந்து தொண்டைக்குள் போனது. மறுபடி குத்தினார். அரிவாளைத் திருப்பிப் பிடித்தார். வெட்டு விழப்போகிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அரிவாள் மாதியின் கையில் இருந்தது. முதல் வெட்டு அவர் தொடையில். அவர் திரும்பி எழ முயன்றபோது இரண்டாவது, அடிவயிற்றில், கீழிருந்து மேலாக. சென்னியப்பன் தன் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். மாதியை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஜடையன் பொண்டாட்டியா?" என்றார்.

"ஆமா" என்றாள் மாதி.

அவர் தலையை ஆட்டினார். அவர் சாய்வதற்குக் கொஞ்ச நேரமானது. அதுவரை மாதி அவர் எதிரிலேயே நின்றாள்.

"என்னைக் காப்பாத்தவா செஞ்சே?" என்று ரத்தம் ஒழுகும் வாயோடு கேட்டாள் தாட்சாயணி.

"தெரியலை" என்றாள் மாதி. அரிவாளைக் கீழே போட்டாள்.

தொட்டிக்காரி, புருஷனைக் கொன்றவனைக் கொன்றாள். இதைக் கேட்கிற எந்த நீதிபதி தற்காப்பு என்பார்? ஊர் எழுந்து நடமாட ஆரம்பித்தால் பாறைமேல் ஒளிந்து கிடக்கும் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? தாட்சாயணி இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. இருவருமாக அவரைச் சோளக்காட்டு வரப்புக்கு இழுத்துப் போட்டார்கள். மாதியை ஓடைவழியாக அனுப்பிவிட்டு, இடது கையால் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"பன்னி சார். காட்டுப்பன்னி குத்திருச்சு. தடுக்கப் போன என்னையும் முட்டித் தள்ளிருச்சு."

ஞானசெல்வம் வந்து பார்த்தார். தொடையில் ஒரு கிழிசல், அடிவயிற்றில் ஒரு கிழிசல். அவர் அந்த மலையடிவாரத்தில் ஒன்பது வருடம் இருந்தவர். பன்றி குத்தினால் எப்படி இருக்கும் என்று தெரியும், அரிவாள் வெட்டினால் எப்படி இருக்கும் என்றும் தெரியும். கொட்டகை மண்ணில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தார். வரப்புவரை இழுபட்ட தடத்தைப் பார்த்தார். ஜடையன் செத்துக் கிடந்த களத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"பன்னியா?"

"பன்னிதான் சார்."

"சரி" என்று எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு லாரி வந்து மருந்தக வாசலில் நின்றது. கூடவே ஜீப்பில் இரண்டு அதிகாரிகள். ஓட்டுநர் தார்ப்பாயை அவிழ்த்தார். அடுக்கடுக்காகப் பெட்டிகள். முன்பு ஜடையன் சுமந்த பெட்டிகளில் இருந்த அதே பச்சை முத்திரையைத் தாட்சாயணி பார்த்தாள்.

"என்ன சார் இது?"

"உருண்டைதாம்மா. இந்தத் தடவை நாப்பது கிராமம்" என்றார் ஒருவர். "பன்னி ஒழிஞ்சிருச்சுன்னு திட்டத்தையே மூடறதா இருந்தாங்க. மனுஷனைக் குத்திக் கொன்னிருக்குன்னு போலீஸ் ரிப்போர்ட் வந்துச்சு. சாட்சி நீங்களே. அப்ப இன்னும் இருக்குன்னுதானே அர்த்தம்? டோஸைக் கூட்டச் சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம்."

அவள் இளவழுதிக்குப் போன் போட்டாள். அவர் குரலும் இப்போது இழுபட்டது. "நான் என்ன பண்ணட்டும் தாட்சா? நீ எழுதின கடிதாசி எதுவும் ஃபைல்ல இல்லை. நீ சொன்ன பன்னி இருக்கு."

மாதி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். லாரியைப் பார்த்தாள். "அதே பெட்டி" என்றாள். பிறகு, "நான் போய்ச் சொல்லிடறேன். பன்னி இல்லை, நான்தான்னு."

"நீ சொன்னா உன்னை உள்ள போட்டு மூடிருவாங்க. அதோட முடிஞ்சிரும். ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"அப்ப?"

தாட்சாயணி மாத்திரைப் பெட்டியையும், எந்த வீட்டுக்கு எத்தனை என்று எழுதிய தாளையும் அவள் கையில் கொடுத்தாள். மாதிக்கு எழுத்துத் தெரியாது. சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டச் சொன்னாள். சேலையை மாற்றிக்கொண்டு, பத்து மணிப் பஸ்ஸில் ஏறினாள். மாவுக்கட்டுப் போட்ட வலது கை கழுத்தில் தொங்கியது.

ஸ்டேஷனில் ஞானசெல்வம் மட்டும் இருந்தார். அவருக்கும் அவள் மாத்திரை கொடுத்திருந்தாள், முகம் தெளிந்திருந்தது.

"சென்னியப்பனைக் கொன்னது நான்தான் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். வெளியே பார்த்தார். "அம்மா, அந்த ஃபைலை மூடியாச்சு. எதுக்கு இப்ப?"

"திறங்க. நாப்பது கிராமத்துக்குப் பெட்டி வந்திருக்கு. நான் துறைக்கு எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டாங்க. கொலைக் கேஸு காகிதத்தை எவனும் கிழிக்க முடியாது. ஒரு கால்நடை டாக்டரை ஒரு விவசாயி ஏன் வெட்ட வந்தான், அவ ஏன் வெட்டினாள்னு நீங்க எழுதித்தான் ஆகணும். நான் ஒண்ணு விடாம சொல்வேன். கோர்ட்டுல வந்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்வேன்."

அவர் அவள் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கை ஒடைஞ்சு கெடந்துச்சே. எந்தக் கையால வெட்டினீங்க?"

"இடது கையால."

"எத்தனை வெட்டு?"

"ரெண்டு. தொடையில ஒண்ணு, வயித்துல ஒண்ணு."

"கூட யாரும் இருந்தாங்களா?"

"யாரும் இல்லை."

மேலே மின்விசிறி கடகடத்தது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு புதுத் தாளை எடுத்து, அதன்மேல் தேதியைப் போட்டார். கை நிதானமாக இருந்தது.

"சொல்லுங்க. எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?"

"முதல்ல ஒண்ணு எழுதுங்க சார்" என்றாள் தாட்சாயணி. "இந்த மலையில பன்னியே இல்லை."